மூணாவது தடவை வந்துடும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன கோளாறு என்பதை முதலில் சொன்னவர் அப்பா. அதைக் காதில் போட்டுக்கொள்ள எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று.

“காலையில முதல் தடவை வராதுப்பா. ரெண்டாவது தடவையும் சந்தேகம்தான். மூணாவது தடவை வந்துடும்” என்றார். சாயங்காலம் போட்டால் ஒரே அழுத்தில் வந்துவிடுகிறது என்றும் சேர்த்துச் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு, “விண்டோஸ் போட்டு ரொம்ப நாளாச்சுப்பா, ஞாயித்துக்கிழமை ஃபார்மட் பண்ணிடலாம்” என்றேன். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தான் என்ற நினைப்பு. அவர் மெயில் பார்க்கவும் கணக்கு எழுதவும் மட்டும் அதன் முன் உட்காருகிறவர்.

‘வரவில்லை’ என்ற சொல்லில்தான் எல்லாம் குழம்பிப்போகிறது. பட்டனை அழுத்தினால் விளக்கும் எரியாமல் ஃபேனும் சுற்றாமல் கிடப்பது ‘வரவில்லை’. ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் அதுவும் ‘வரவில்லை’. லோகோ வந்து அதிலேயே உறைந்து நிற்பது, நீலத் திரையில் சோக முகம் வருவது, பாஸ்வேர்டு போட்ட பிறகு பத்து நிமிடம் வட்டம் சுற்றுவது எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே சொல். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் நின்றுபோன வண்டி. லோகோவே வராத கம்ப்யூட்டரில் விண்டோஸைத் திட்டிப் பயனில்லை. அதன் முறை இன்னும் வரவே இல்லை. எங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று ஒரே ஒரு காலை பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். காலையில் எனக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரம். நோயாளியைப் பார்க்காமலேயே வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டேன்.

முதல் வைத்தியம் போனில் வந்தது. நண்பனிடம் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, “ரேமைக் கழட்டி ரப்பர் போட்டுத் துடைச்சியா?” கம்ப்யூட்டர் பற்றி யாரிடம் பேசினாலும் இந்தக் கேள்வி வரும். இதைக் கிண்டல் செய்ய மாட்டேன். ரேம் என்பது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகப் பலகை. அதன் விளிம்பில் உள்ள பொன்னிறத் தொடுமுனைகளில் நாள்பட அழுக்குப் படியும். ஸ்லாட்டில் அது சரியாகத் தொடாமல் போனால் திரை கறுப்பாகத்தான் நிற்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை நன்றாக ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் ‘டக்’ என்று கவ்வும்வரை அழுத்தினால் நிஜமாகவே பல கம்ப்யூட்டர்கள் பிழைத்துக்கொள்ளும்.

விடுமுறை நாள் ஒன்றில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். போட்டேன், வரவில்லை. மறுபடி போட்டேன், வரவில்லை. பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். வந்துவிட்டது! அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது மூணாவது தடவைதானே?” என்றார். நான் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அது வரவில்லை.

அடுத்து எனக்குக் கிடைத்த துப்பு கடிகாரம். காலையில் கம்ப்யூட்டர் ஒருவழியாக எழுந்ததும் திரையின் மூலையில் முந்தைய இரவு அணைத்த நேரமே கிட்டத்தட்ட நின்றிருந்தது. இதற்குக் காரணம் எனக்குத் தெரியும். எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர். அந்த எண்ணே அதன் அளவுதான்: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. 3 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி மல்டிமீட்டரில் 2.4 காட்டியது. குற்றவாளி அகப்பட்டான் என்று புதிய பேட்டரியை மாட்டினேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கூத்து. இந்தத் தடவை திரை வந்தது, லோகோ வந்தது, விண்டோஸின் வட்டமும் சுற்ற ஆரம்பித்தது. உடனே நீலத் திரை, சோக முகம். பூட் டிவைஸை, அதாவது தான் எழ வேண்டிய டிஸ்க்கை, அணுக முடியவில்லை என்றது. தானாகவே ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி அதே முகம். சில தடவை இப்படி ஆனதும் தானாகப் பழுதுபார்க்கும் திரைக்குப் போய், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, என்னால் சரிசெய்ய முடியவில்லை என்று கையை விரித்தது. அதுவரை காலையில் மட்டும் சண்டித்தனம் செய்துகொண்டிருந்த கம்ப்யூட்டர், என் கைபட்ட பிறகு எந்த வேளையிலும் வராமல் போயிற்று.

அந்தத் திரையில் ‘இந்தக் கணினியை மீட்டமை’ என்று ஒரு வழி இருக்கும். என் மவுஸ் அதன்மேல்தான் நின்றிருந்தது. பின்னால் இருந்து அப்பா, “என் கணக்கெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு” என்றார். கையை எடுத்துவிட்டேன்.

லினக்ஸ் போட்டு வைத்திருந்த ஒரு பென்டிரைவைத் தேடி எடுத்து அதிலிருந்து எழுப்பினேன். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டராவது உடம்பு நன்றாக இருக்கும்போதே இப்படி ஒரு பென்டிரைவைச் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். விழுந்த பிறகு அதைச் செய்ய இன்னொரு கம்ப்யூட்டரைத் தேடி ஓட வேண்டியிருக்கும். லினக்ஸ் வந்தது. ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் எல்லா ஃபைலும் அப்படி அப்படியே இருந்தன. டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் குறிப்பைப் பார்த்தேன். பழுதாகி மாற்றப்பட்ட செக்டர் (டிஸ்க்கின் ஒரு சிறு பகுதி) 0, மாற்றக் காத்திருப்பது 0. அப்பாவின் கணக்கு ஃபோல்டரை முதலில் வெளியே நகலெடுத்தேன். அதன் பிறகுதான் நிதானமாக மூச்சு விட்டேன்.

டிஸ்க் நன்றாக இருக்கிறது, ஃபைல்கள் நன்றாக இருக்கின்றன, விண்டோஸுக்கு மட்டும் டிஸ்க் தெரியவில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது? பேட்டரி. பேட்டரியை எடுத்ததும் பயாஸில் (பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் புரோகிராம்) இருந்த அமைப்புகள் எல்லாம் அழிந்து, மதர்போர்டு பிறந்தபோது இருந்த நிலைக்குப் போய்விட்டன. அது பத்து வருடத்துக்கு மேல் பழைய மதர்போர்டு. டிஸ்க்கோடு எப்படிப் பேசுவது என்ற இடத்தில் அதன் ஆரம்ப அமைப்பு ஐடிஇ என்ற பழைய முறை. நாங்கள் விண்டோஸ் போட்டபோது அதை ஏஹெச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றியிருந்தோம். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

இதில் ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. டிஸ்க்கே தெரியவில்லை என்றால் அதே டிஸ்க்கிலிருந்து விண்டோஸின் வட்டம் எப்படி வந்து சுற்றியது? இதற்கு விடை தேடினால், கம்ப்யூட்டர் கண்விழிக்கும் விதமே கொஞ்சம் புரியும். டிஸ்க்கைப் படிக்க ஒரு புரோகிராம் வேண்டும், அந்தப் புரோகிராமும் டிஸ்க்கில்தான் இருக்கிறது. பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு சொலவடை உண்டு. பூட் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் மதர்போர்டின் சிப்பிலேயே பயாஸை வைத்தார்கள். பழைய முறையில் பயாஸ், டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதிலும் புரோகிராமுக்கென்று கிடைப்பது 446 பைட். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். அந்த இடத்தில் இந்தப் பத்தியின் மூன்று வாக்கியங்கள்கூட உட்காருவது சிரமம். அவ்வளவு சின்னது அடுத்ததைக் கூப்பிட, அது அதற்கடுத்ததைக் கூப்பிட, கடைசியில் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் நினைவகத்துக்கு வருகிறது.

அதுவரை டிஸ்க்கைப் படித்துக் கொடுத்தது பயாஸ். கெர்னல் பொறுப்பை எடுத்துக்கொண்ட நொடியிலிருந்து அது தன் சொந்த டிரைவரால்தான் (வன்பொருளோடு பேசும் புரோகிராம்) டிஸ்க்கைத் தொட வேண்டும். விண்டோஸ், தான் நிறுவப்பட்டபோது எந்த முறை இருந்ததோ அதற்கான டிரைவரை மட்டும் எழும்போதே தயாராக வைத்திருக்கும். தேவையில்லாததைத் தூங்க விட்டிருக்கும். முறை மாறியதும் தன்னைப் பெற்ற டிஸ்க்கையே அதற்கு அடையாளம் தெரியவில்லை. பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ என்று மாற்றினேன், சேமித்தேன், வெளியே வந்தேன். விண்டோஸ் ஒன்றுமே நடக்காதது போல வந்தது. ஃபார்மட் செய்திருந்தால் அது ‘சரியாகி’யிருக்கும், காரணம் எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. கணக்கும் போயிருக்கலாம்.

(பயாஸில் கை வைக்கும் முன் ஒரு விஷயம். டிஸ்க்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டியிருக்கும் கம்ப்யூட்டராக இருந்தால், பயாஸில் எதையாவது மாற்றிய பிறகு அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் நமக்குத் தெரியாமலேயே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பழுதான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தபோது, ஒரு ஃபைலை அழித்தால் போதும் என்று வழி சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் எழவே முடியாத கம்ப்யூட்டருக்குத் தூரத்தில் இருந்து உதவி அனுப்ப முடியாதே! பல இடங்களில் ஆள் நேரில் போய், குறைந்தபட்ச வசதிகளோடு மட்டும் எழும் சேஃப் மோடில் எழுப்பி அழிக்க வேண்டியிருந்தது. அங்கேயும் இந்த 48 இலக்கம் குறுக்கே நின்றது.)

சரி, நானே உண்டாக்கிய கோளாறை நானே சரிசெய்தாயிற்று. மறுநாள் காலை பழைய கோளாறு அப்படியே காத்திருந்தது.

இப்போது சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல், அதாவது சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கேற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி மேல், திரும்பியது. மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். 12 வோல்ட் வயரில் 11.4 முதல் 12.6 வரை இருந்தால் சரி என்பது ஏடிஎக்ஸ் என்ற தர வரையறையின் கணக்கு, அதாவது 5 சதவீதம் கூடக்குறைய. எங்களுடையது 11.9 காட்டியது. 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் அதேபோல ஒழுங்கு. எஸ்எம்பிஎஸ் நிரபராதி என்று தீர்ப்பு எழுதினேன். நான் அளந்தது மதியம் மூன்று மணிக்கு, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது. காய்ச்சல் இறங்கிய பிறகு தெர்மாமீட்டர் வைத்த கதை.

அடுத்து விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துப் பார்த்தேன். இதைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் 8 வந்த 2012 முதல், ஷட் டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் முழுதாக அணைவதில்லை. கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும், மறுபடி போடும்போது அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் அடியிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும். அணைத்து அணைத்துப் போட்டும் சரியாகாத சில்லறைக் கோளாறுகள் ரீஸ்டார்ட்டில் சரியாவது இதனால்தான். உபயோகமான செய்தி, ஆனால் எங்கள் கோளாறுக்குச் சம்பந்தமே இல்லாதது. எங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ்வரை போகவே இல்லை என்பதை நான் இன்னும் பார்க்கவில்லை.

பதினெட்டாம் நாள் இரவு, அப்பா ஒன்றும் பேசாமல் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தார்.

தேதி, காலை, மாலை என்று மூன்று கட்டம், ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. காலைக் கட்டத்தில் 3, 3, 2, 4, 3. மாலைக் கட்டத்தில் மேலிருந்து கீழே ஒன்று ஒன்றாகவே. நான் ரேமைத் துடைத்த நாளில் 3 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம். நான் பேட்டரி மாற்றிய நாளில் எண் இல்லை, ‘நீலம்’ என்று மட்டும் இருந்தது. ஒன்பதாவது வரியில் காலைக் கட்டத்தில் 1. பக்கத்தில் பொடி எழுத்தில், ‘இரவு சுவர் சுவிட்சு அணைக்க மறந்தது.’

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அப்பா ராத்திரி தூங்கப்போகும் முன் வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைப்பவர். சுவர் சுவிட்சு போட்டிருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு பகுதி விழித்திருக்கும். பட்டன் அழுத்துவதைக் கவனிக்க 5 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். கடிகாரமும் அதிலிருந்தே ஓடும், பேட்டரிக்கு வேலை இருக்காது. சுவிட்சை அணைத்தால் இரவு முழுக்கக் கடிகாரத்தைப் பேட்டரி தனியாகச் சுமக்க வேண்டும், அதனால் சீக்கிரம் ஓய்ந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸோ முழுவதும் குளிர்ந்து போகும். நான் தனித்தனியாகத் துரத்திய இரண்டு கோளாறுகளும் ஒரே சுவிட்சில் வந்து முடிந்தன.

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு ஆறரைக்கே உட்கார்ந்தேன். மதர்போர்டில் ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டி, ரேமை முழுதாகக் கழற்றிவிட்டுப் பட்டனை அழுத்தினேன். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் ரேம் இல்லாவிட்டால் மதர்போர்டு ‘பீப், பீப்’ என்று கத்த வேண்டும். கத்தினால் பிராசஸர் உயிரோடு இருக்கிறது, பயாஸ் ஓடுகிறது என்று அர்த்தம். ஃபேன் சுற்றியது. சத்தம் இல்லை. அணைத்துவிட்டு மறுபடி. ஃபேன் சுற்றியது. சத்தம் இல்லை. மூன்றாவது தடவை காதைக் கிழிக்கும்படி கத்தியது. சமையலறையில் இருந்து அப்பாவின் குரல்: “வந்துடுச்சா?”

முதல் இரண்டு தடவை பிராசஸர் ஓட ஆரம்பிக்கவே இல்லை என்பது இதில் தெரிந்துபோயிற்று. எஸ்எம்பிஎஸ் எழுந்ததும் தன் வோல்ட்டேஜ்கள் நிலைப்பட்ட பிறகு மதர்போர்டுக்கு ‘பவர் குட்’ என்று ஒரு சைகை அனுப்பும். ஒழுங்கான ஒன்றில் அது 100 முதல் 500 மில்லிநொடிக்குள் வரும். சைகை வரும்வரை பிராசஸர் அசையாமல் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஃபேனுக்கு இந்த மரியாதை எல்லாம் கிடையாது, 12 வோல்ட் வந்தால் சுற்றும். சுற்றும் ஃபேனைப் பார்த்து ‘பவர் வருது’ என்று நாம் நம்பிவிடுகிறோம். மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் வயதாகி உள்ளே இருக்கும் திரவம் வற்ற ஆரம்பித்தால், குளிர்ந்த நிலையில் அவற்றின் உள்தடை ஏறிவிடும், மின்சாரம் சீராக வராமல் நடுங்கும். இரண்டு மூன்று தடவை போட்டு அணைத்தால் கொஞ்சம் சூடேறி, வேலைக்குத் திரும்பும். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், அந்த நடுக்கம் அதில் தெரியாது.

டார்ச் அடித்து எஸ்எம்பிஎஸ்ஸின் கம்பி வலை வழியாகப் பார்த்தேன். உள்ளே ஒரு கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தது, உச்சியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. திறக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். அதைத் திறந்து சாலிடர் வைப்பது தெரிந்தவர்களின் வேலை.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. என் பழைய கம்ப்யூட்டரில் இருந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி இதில் மாட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. அப்பாவிடம், “சுவிட்சை வழக்கம்போல அணைச்சிடுங்க” என்று சொன்னேன். நான்கு நாள் காலையும் 1. ஐந்தாம் நாள் பழையதைத் திரும்ப மாட்டினேன். “நல்லா ஓடிட்டிருக்கிறதை ஏம்பா மாத்துறே?” என்று அப்பா கேட்டார். மறுநாள் காலை 3. அப்போதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. மாற்றியதும் சரியானதை மட்டும் வைத்து நம்பியிருந்தால், ரேமைத் துடைத்த நாளிலேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டி இரண்டு மாதம் ஆகிறது. நோட்டை அப்பா மூடவில்லை. இன்னும் காலையில் ஒரு எண் எழுதுகிறார், மாலையில் ஒரு எண் எழுதுகிறார். பக்கம் முழுக்க ஒன்று ஒன்றாக நிற்கிறது. போன செவ்வாய்க்கிழமை மட்டும் காலைக் கட்டத்தில் 2 என்று பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: ‘முதல் தடவை சுவர் சுவிட்சு போடவில்லை.’